அது பொன்னாடை இல்லை, கோடி

என் மச்சினனின் வெள்ளிக் கோட்டுச் சட்டையைப் போன மாதம் சென்னையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். ஏசி போட்ட பெரிய அரங்கம், வாசலில் பாப்கார்ன் வாசனை. துணிக்கடையில் வைக்கிற தலையில்லாத பொம்மை ஒன்றுக்கு அந்தக் கோட்டை மாட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். உடம்பு பூராவும் சில்லு சில்லாக மினுக்கும் கோட்டு அது. கெண்டை மீனின் செதிலைக் கழுவாமல் எடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். கீழே ஒரு அட்டை. 'முதல் மேடையேற்றத்தில் விருத்தாசலம் ரசிகர்கள் இயக்குநருக்குப் பொன்னாடைகளைக் குவித்தபோது அவர் அணிந்திருந்தது' என்று எழுதியிருந்தது. நான் அங்கேயே வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏதோ கிறுக்குக் கிழவன் என்று நகர்ந்து போனாள். போகட்டும். அன்றைக்கு அந்தக் கோட்டின் மேல் என்னென்ன விழுந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோட்டோடு அவனைப் படுக்க வைத்தவனே நான்தான்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அடுத்தவன் பட்டறையில் களிமண் மிதித்தவன், இன்று விருத்தாசலம் தொழிற்பேட்டையில் சொந்தச் சூளை எரிக்கிறேன். உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள், உள்ளே இருக்கிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை என் பட்டறையில் வெந்ததாக இருக்கலாம். பொம்மையும் போடுகிறேன். எனக்கு யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை, நானும் யாரிடமும் போய் நிற்கவில்லை. என் மச்சினன், அதாவது என் மனைவிக்கு நேர் தம்பி, இதற்கு நேர் எதிர். காலேஜ் முடித்தவன். சென்னைக்குப் போய்ப் பாட்டுக் கச்சேரிக் குழுக்களில் ஒயர் பிடித்து, விளக்குப் பிடித்து, கடைசியில் தானே 'டைரக்டர்' ஆனவன். எங்கள் ஊருக்கு வந்தால் அவனை 'டைரக்டர் சார்' என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பது நானாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் பொங்கல் கழிந்து ஆற்றுத் திருநாள் வரும். சாமிகள் எல்லாம் மணிமுத்தாற்றுக்கு வந்து தீர்த்தவாரி முடித்துப் போனதும், எங்கள் பேட்டைக்குப் பின்னால் இருக்கிற மணலில் மத்தியானம் ஒரு நாடகம் நடக்கும். பரிசல்காரன் கதை. பண்ணைக்காரர் மகளும் ஆற்றில் பரிசல் தள்ளுகிற பையனும் ஆசைப்படுகிறார்கள். வெள்ளம் வந்த நாளில் அவளுடைய அண்ணன்கள் பரிசலின் அடித்தோலைக் கீறிவிடுகிறார்கள். அவன் நடு ஆற்றில் முழுகிப் போகிறான். அவள் கட்டின புடவையோடு பின்னாலேயே இறங்கிப் போகிறாள். இவ்வளவுதான் கதை. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் எங்கள் ஜனங்கள் வருவது கதைக்காக அல்ல, கதை முடிந்த பிறகு நடப்பதற்காக. இரண்டு நடிகர்களும் மணலில் அக்கம்பக்கமாகப் படுப்பார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய், கொண்டுவந்த கோடித்துணியை அவர்கள் மேல் போர்த்துவார்கள். இழவு வீட்டில் செத்தவர் மேல் போடுகிற புதுத்துணி இருக்கிறதே, அதேதான். போட்டுவிட்டு, உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அப்புறம் ஆற்றில் தலை முழுகிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

நாடகத்துக்கு எதற்குக் கோடி என்று படித்தவர்கள் கேட்பார்கள். என் மச்சினன் கேட்கக்கூட இல்லை. பெண்ணாடத்திலிருந்தும் எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பெண்கள் அந்தப் பரிசல்காரனுக்கா அழுகிறார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். யாரையோ ஆசைப்பட்டு, வீட்டார் மறித்து, உயிரை விட்டதுகள். அதுகளுக்கு வீட்டில் கோடி விழாது, ஒப்பாரி கிடையாது, பேரை எடுக்கக் கூடாது. விடிவதற்குள் காரியத்தை முடித்துவிட்டு, கேட்டால் 'காய்ச்சல்' என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தாய்க்கும் அக்காளுக்கும் அழுவதற்கு ஊரில் இருக்கிற ஒரே இடம் இந்த மணல்தான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண் இருக்கிறவன் பார்த்தால் தெரியும்.

சில வருஷத்துக்கு முன்னால் நாடக வாத்தியாருக்கு முட்டி ஆபரேஷன், குழு வராது என்று சொல்லிவிட்டார். என் மச்சினன் அந்தச் சமயம் பார்த்து வந்து குதித்தான். "மாமா, நான் பண்றேன். ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்" என்றான். அது என்னடா என்றேன். வெளிநாட்டில் காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி உண்டாம், அந்த மாதிரி ஹிட் பாட்டுகளாகக் கோத்து ஒரு கதையைச் சொல்வதாம். எல்லாம் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த சினிமாப் பாட்டு. நான் சரி என்றேன். அதற்குக் காரணம் அவன் கலை இல்லை, என் சின்ன மகளின் கல்யாணம். சேத்தியாத்தோப்பில் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. பையன் தங்கமான பையன், என் மகளுக்கும் பிடித்துப் போயிருந்தது. போனில் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். தட்டு மாற்றுவதுதான் பாக்கி. பையனின் அம்மா ஆற்றுத் திருநாளன்று எங்கள் வீட்டுக்கு வந்து நாள் குறிப்பதாகச் சொல்லியிருந்தார். நாளைச் சொன்னது அவர்தான். நம்ம ஊரில் நான் காசு போட்ட மேடையில் ஒரு பெரிய நிகழ்ச்சி நடந்தால் வருகிறவர்களுக்கு நம் மதிப்புத் தெரியட்டுமே என்று நினைத்தேன்.

ஒத்திகை என் பட்டறையில் நடந்தது. சென்னையிலிருந்து ஆட்டக்காரர்கள் வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பக்கத்து அடுக்குகளில் இன்னும் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. இவர்கள் குதித்த குதியில் பிள்ளையாருக்குத் தும்பிக்கை விண்டது, செட்டியார் பொம்மைக்குத் தொப்பை பிளந்தது. என் வேலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். பையன் பெண்ணைப் பார்த்தால் ஒரு பாட்டு, அண்ணன்கள் முறைத்தால் ஒரு பாட்டு, அவள் சோறு தின்னாமல் கிடந்தால் ஒரு பாட்டு. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அடுத்த பாட்டு எது என்று எனக்கே தெரிந்துவிட்டது. கதைக்குப் பாட்டு தேடவில்லை, பாட்டுக்குக் கதையைச் சீவிக்கொண்டிருந்தான். அச்சில் ஊற்றுகிற களிமண் கரைசல் மாதிரிதான். எந்த ஊர் மண்ணைக் கொட்டினாலும் வெளியே வருவது அதே மூக்கு, அதே முழி. "முடிவு எப்படிடா?" என்று கேட்டேன். "சஸ்பென்ஸ் மாமா" என்று கண்ணடித்தான்.

திருநாளன்று மணலில் இடமில்லை. பையனின் அம்மா முன்வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட அவர் கொழுந்தனார், பையனுக்குச் சித்தப்பா. வீட்டுக்காரர் இல்லாத குடும்பத்தில் அந்த ஆளுடைய பேச்சுதான் பேச்சு. அந்தம்மாவின் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. சுற்றிலும் பெண்கள் மடியில் எல்லாம் பைகள். என் மச்சினன் வெள்ளிக் கோட்டோடு மேடையில் வந்து கையசைத்தான். ஸ்பீக்கர் சத்தத்தில் ஆற்றங்கரை நாணல் ஆடியது. பையன்கள் விசிலடித்தார்கள், எழுந்து ஆடினார்கள். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கடைசிக் கட்டம் வந்தது. பரிசல் முழுகியது. முழுகினவன் நீந்தி வெளியே வந்தான். பெண் அண்ணன்களைப் பிடித்துத் தள்ளினாள், மைக்கை எடுத்தாள், ஒரு குத்துப்பாட்டுப் பாடினாள். அண்ணன்களும் சேர்ந்து ஆடினார்கள். காகிதப்பூ மழையாகக் கொட்டியது. அவ்வளவுதான், முடிந்தது. பையன்கள் கத்திக்கொண்டே கலைந்தார்கள். ஆட்டக்காரர்கள் வேனுக்குப் போய்விட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பைகளைப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பெண்ணாடத்துக் கிழவி ஒருத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏ தம்பி, சாவு எப்பப்பா?"

"சாவு இல்ல ஆயா. அவ சாவல. இது புதுக் கதை" என்றான் இவன், மைக்கிலேயே.

"சாவலன்னா?"

"இந்தக் காலத்துப் பொண்ணு எதுக்கு ஆயா சாவணும்? அவ ஜெயிச்சிட்டா."

"ஜெயிச்சா ஜெயிக்கட்டும்டா, மவராசியா இருக்கட்டும். இத நான் எங்க கொண்டு போறது?" என்று கிழவி கோடித்துணியை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். எங்கள் மண்ணில் பிறந்தவன் எவனும் சொல்லாத வார்த்தை. "வூட்டுக்குக் கொண்டு போய் பீரோல வைங்க ஆயா, யூஸ் ஆவும்."

கோடி வாசப்படியைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் திரும்பி வீட்டுக்குள் போகக் கூடாது. திரும்பிப் போனால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் மேல் விழ வேண்டும் என்று அர்த்தம். அதைத்தான் இவன் அத்தனை பெண்களையும் பார்த்துச் சொல்லியிருக்கிறான், அதுவும் ஸ்பீக்கரில், ஊருக்கே கேட்கிற மாதிரி. கூட்டம் குமுறிவிட்டது. "எங்க வூட்ல எவன் சாவணும்ங்கற?" "உங்கக்கா வூட்டுக்குக் கொண்டு போய்ப் போடட்டா?" "கோட்டப் பாரு, கரகாட்டக்காரன் மாரி!" செருப்புகூட ஒன்று பறந்தது. என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பையனின் சித்தப்பா எழுந்து வேட்டியை உதறினார். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல கோடியக் கையில குடுத்து அனுப்புறாங்க. இந்த வூட்லயா பொண்ணு எடுக்கறது? வாங்க அண்ணி போவலாம்" என்றார். என் மகள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் மேடையில் ஏறினேன். நடிகையைக் கூப்பிடு என்றேன். வேன் கிளம்பி ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கும் என்றான். கதாநாயகனும் அதே வேனில்தான். அப்படியானால் நீ படு என்றேன்.

"மாமா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

"ஆவறதுன்னா இப்பப் படு. இல்லன்னா இவங்க நெஜமாவே படுக்க வெச்சிடுவாங்க."

"நான் டைரக்டரு மாமா..."

"டைரக்டருங்களும் சாவாங்கடா. படு."

படுத்தான். மேடையிலிருந்து இறங்கி, மணலில் மல்லாந்து, வெள்ளிக் கோட்டோடு. வெயிலில் அந்தக் கோட்டு மினுக்கின மினுக்கில் கண் கூசியது. சவுண்டுக்காரன் வந்து, "அண்ணே, ஒரு சோகப் பாட்டுப் போடட்டா?" என்று கேட்டான். ஒயரைப் பிடுங்கச் சொன்னேன்.

பிடுங்கின பிறகுதான் ஆறு இருப்பதே காதில் விழுந்தது. பெண்ணாடத்துக் கிழவி போய் முதல் கோடியைப் போட்டாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். வேட்டி, புடவை, துண்டு எல்லாம் அவன் மேல் விழுந்துகொண்டே இருந்தது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கீழே ஒரு உடம்பு வேண்டும், அவ்வளவே. இவன் தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல வேடம் அதுதான், அதிலும் வசனம் கிடையாது.

கடைசியில் பையனின் அம்மா எழுந்தார். "அண்ணி, வேணாம்" என்றார் கொழுந்தனார். அந்தம்மா காதில் வாங்கவில்லை. பையிலிருந்து எடுத்தது புடவை இல்லை. பாவாடையும் தாவணியும். கல்யாணம் ஆகாத பெண் உடுத்துகிறது. அதை மேலே விரித்து, ஓரத்தைத் தூங்குகிற குழந்தைக்குச் சரிசெய்வது போல இழுத்துவிட்டு, உட்கார்ந்தார். மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"கொண்டப் பூ வாடலயே, கூடப் பொறந்தவளே,
கெணத்துத் தண்ணி வத்தலயே, கேக்க நாதி இல்லையே,
நல்ல நாளு பாத்து வந்தேன், நாலு மொழம் கொண்டு வந்தேன்,
பொத்திக்கடி எந்தங்கமே, பொழுது எறங்கிப் போவுதடி."

பரிசல்காரன் கதையில் கிணறு கிடையாது. தங்கச்சியும் கிடையாது. மணலில் இருந்த அத்தனை பேருக்கும் அது விளங்கிவிட்டது. கொழுந்தனார் முகம் சூளையிலிருந்து வெந்து வந்த செங்கல்லாக ஆகிவிட்டது. அந்தம்மா அழுதுகொண்டே இருந்தார். சுற்றியிருந்த பெண்கள் கிட்டே நெருங்கி, தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஆற்றுத் திருநாளில் நாள் குறிக்க அவர் ஏன் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருடைய மாமியார் வீடு, கொழுந்தனார் வீடு, எதுவும் அவரை இத்தனை காலம் இந்த மணலுக்கு விடவில்லை. பெண் வீடு பார்க்கப் போகிறேன் என்ற சாக்கு கிடைத்ததும் வந்துவிட்டார். மஞ்சப்பையில் தாவணியோடு. அப்படி வந்தவரிடம்தான் என் மச்சினன் பீரோவில் வை என்று சொன்னான்.

ஒன்று சொல்கிறேன். கதையில் ஒரு பெண் சாகக் கூடாது என்று அவன் நினைத்ததில் எனக்குச் சண்டை இல்லை. எனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். எவளும் சாகக் கூடாது. ஆனால் மேடையில் அவளைக் காப்பாற்றிக் குத்தாட்டம் போட வைத்துவிட்டால், கிணற்றில் கிடந்தவள் எழுந்து வந்துவிடுவாளா? விண்ட பொம்மைக்கு மேலே வர்ணம் பூசி விற்கிற வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிப் போகிறவன் வீட்டில் போய்த்தான் அது உடையும். இவனுக்குத் தெரிந்த கலை அதுதான்.

அப்புறம் என் பங்காளி ஒருத்தர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "கேட்டியா? கெணத்துல வுழுந்த வூடு. சொல்லாம மறைச்சிருக்காங்க. நாமளே வேணாம்னு சொல்லிடலாம், அவங்க முந்திக்கறதுக்குள்ள" என்றார். நான் அவர் கையை விலக்கிவிட்டு ஆற்றுக்குப் போனேன். அந்தம்மா தலை முழுகிவிட்டு, ஈரத்தோடு கரையில் நின்றார். என்னைப் பார்த்ததும் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மறைக்கணும்னு இல்லீங்க அண்ணே. சொல்றதுக்கு எடம் இல்ல. எங்க வூட்ல அவ பேரு சொல்லி எவ்ளோ காலமாச்சு" என்றார். பிறகு, "ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. எம்புள்ள கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

நான் வாழ்க்கையில் பெரிய மனுஷங்களோடு பேரம் பேசியிருக்கிறேன். எந்த இடத்திலும் எனக்கு வார்த்தை தட்டினது கிடையாது. அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தங்கச்சி பேரு என்னம்மா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கொழுந்தனார் எட்டத்தில் இருந்தார். பேரைச் சொன்னார். எனக்கே சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். இரண்டாவது தரம் கொஞ்சம் பலமாகவே சொன்னார். "சரி. வூட்டுக்கு வாங்க, டீ சாப்பிட்டுட்டு நாள் பாக்கலாம்" என்றேன்.

மேடைப் பக்கம் திரும்பினால் என் மச்சினன் துணிக் குவியலுக்கு அடியிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தான். கோட்டுக்குள் எல்லாம் மணல். கண் சிவந்திருந்தது. அழுதானா, வெயிலா, நான் கேட்கவில்லை. "கடைசியா ஒரு அம்மா வந்தாங்களே மாமா, யாருக்கு அழுதாங்க?" என்று கேட்டான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது. "சூப்பர் ரெஸ்பான்ஸ் சார், ஆடியன்ஸ் மேடைக்கே வந்துட்டாங்க" என்று பேசிக்கொண்டே போய்விட்டான். அதுதான் சென்னைக்குப் போனதும் பொன்னாடையாக ஆகியிருக்கிறது. நாடகம் இன்றைக்கும் ஓடுகிறது. போன மாதம் நானும் பார்த்தேன். காகிதப்பூ கொட்டுகிறது, ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு போகிறார்கள். யாரும் எதையும் கொண்டு வருவதுமில்லை, விட்டுவிட்டுப் போவதுமில்லை.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில், செத்துப் போன பெரியவர்கள் பேரைத் 'தெய்வத்திரு' என்று போட்டு முதலில் அச்சடிப்போம். மாப்பிள்ளையின் அப்பா, தாத்தா பேருக்குக் கீழே அந்தப் பெண்ணின் பேரையும் போடச் சொன்னேன். 'மணமகனின் சின்னம்மா' என்று உறவோடு. கொழுந்தனார் போனில் குதித்தார். "யாரு போடச் சொன்னது?" என்றார். "நான்தான். பத்திரிகை என் பொறுப்பு. பிடிக்கலன்னா நீங்க வேற அடிச்சுக்குங்க" என்றேன். வேறு அடிக்கவில்லை. என் பேச்சை மீறி அடிக்க இந்தப் பக்கத்தில் யாருக்குத் துணிச்சல்?

என் மகள் இப்போது சேத்தியாத்தோப்பில் நன்றாக இருக்கிறாள். அவள்தான் சொன்னாள். வருஷா வருஷம் ஆற்றுத் திருநாளன்று மாமியார் அந்தப் பத்திரிகையைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுப்பாராம். கூடத்தில், தன் கொழுந்தனார் உட்கார்ந்திருக்கும்போதே, அந்த ஒரு பேரை மட்டும் வாய்விட்டுப் படிப்பாராம். படித்துவிட்டு வைத்துவிடுவாராம். பாட்டெல்லாம் கிடையாது.